வெக்கைக்குள்ளும் ஐஸ் கட்டும்: விமானம் ஓட்டப் பழகப்போகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கள் பக்கத்திலிருந்து விமானம் ஓட்டப் பழகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியில் எனக்கு அதிகம் மண்டை காய வைத்தது காபரேட்டர் ஐஸிங். அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பகுதியான காபரேட்டருக்குள் ஐஸ் கட்டி, காற்று போகும் வழி அடைபடுவது. கையில் கிடைக்கும் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் தங்கள் ஊரை நினைத்து எழுதியவை. வீட்டில் சொன்னால் “என்ன மனே, இந்த வெக்கைக்குள்ள ஐஸா?” என்பார்கள். நான் படித்த இடத்திலும் கிட்டத்தட்ட இதே பதில்தான் கிடைத்தது. ஆனால் வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் தோண்டித் தோண்டிக் கேட்டது இதைத்தான். அவர் கேட்டது நியாயம். எங்கள் கடற்கரைக் காற்றும் இந்த ஐஸுக்குத் தோதான காற்றுதான்.

1. உங்கள் விமானத்தில் காபரேட்டர் இருக்கிறதா?

முதல் வேலை இது. மட்டக்களப்பு விமான நிலையத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய செஸ்னா கேரவன் டர்பைன் எஞ்சினில் ஓடுவது. அதில் காபரேட்டர் கிடையாது, இந்தக் கதையும் அதற்கு இல்லை. பயிற்சிக்கு உங்களிடம் தரப்படும் சின்ன விமானம்தான் சிக்கல். செஸ்னா 150, செஸ்னா 152, பழைய 172 எல்லாம் காபரேட்டர் வைத்தவை. 172 இன் ஆர், எஸ் வகைகளில் எரிபொருள் உட்செலுத்தும் முறை இருப்பதால் அவற்றுக்குக் காப் ஹீட் லிவரே (காபரேட்டருக்குள் சூடான காற்றை விடும் லிவர்) இல்லை.

எஞ்சின் எந்தக் கம்பனி என்பதையும் கேளுங்கள். செஸ்னா 150 இல் இருக்கும் கொண்டினென்டல் ஓ-200 எஞ்சின் ஐஸிங்குக்குப் பேர்போனது. 152 இல் இருக்கும் லைகமிங்கில் காபரேட்டர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெயின் சூடு கொஞ்சம் ஏறுவதால் அது ஓரளவு தப்பிக்கொள்ளும். ஓரளவுதான். ரொட்டக்ஸ் எஞ்சின் போட்ட இலகு விமானத்தில் சாதாரண மோட்டார் பெற்றோல் ஊற்றினால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பெற்றோல் வேகமாக ஆவியாகும், அந்த அளவுக்குக் குளிர்ச்சியும் கூடும்.

2. எப்படிக் கட்டுகிறது என்பதை ஒரு தரம் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள்

ஊசி போட முன் தாதி கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கும் இல்லையா? அதேதான். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காபரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகிறது. அதோடு, ஒடுங்கிய வழியால் காற்று பாயும்போது அமுக்கம் குறைந்து இன்னும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால் 20 முதல் 30 பாகை வரை, சில வேளை அதற்கும் மேலே, வெப்பநிலை இறங்கும். இதில் பெரும் பங்கு, ஏறக்குறைய 70 வீதம், பெற்றோல் ஆவியாவதால் வருவது.

இப்போது கணக்குப் பாருங்கள். வெளியே 27 பாகை. உள்ளே 30 பாகை இறங்கினால் உறைநிலைக்குக் கீழே. காற்றிலுள்ள நீராவி அங்கேயே ஐஸாகிப் படியும். அது படியும் இடம், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டாம்பூச்சி வால்வின் விளிம்பும் அதைச் சுற்றிய சுவரும். த்ரொட்டிலை (அந்த வால்வைத் திறந்து மூடும் பிடியை) மூடி வைத்திருக்கும்போது அந்த விளிம்பில் இருக்கும் இடைவெளியே மயிரிழைதான். அங்கே கொஞ்சம் படிந்தாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். முழு த்ரொட்டிலில் ஆபத்துக் குறைவு, இறங்கும்போது அதிகம் என்பதற்கு இதுதான் காரணம். பரீட்சையில் இதை வரைந்து காட்டச் சொன்னால் வால்வைச் சாய்வாக வரைந்து, அதன் பின்பக்கத்தில் ஐஸைக் காட்டுங்கள்.

3. வெப்பமானியை விட்டுவிட்டுப் பனிபடுநிலையைப் பாருங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் இது. வெளி வெப்பநிலை 21 பாகைக்குக் குறைவாகவும் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேலும் இருக்கும்போது ஐஸ் கட்ட வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்கப் பாடநூல் சொல்கிறது. எங்களுக்கு 21 பாகை எங்கே வருகிறது என்று பக்கத்தைத் திருப்பி விடுவோம். அதற்கடுத்து உள்ளதையும் வாசியுங்கள்: 38 பாகை வெயிலிலும், ஈரப்பதன் 50 வீதம் மட்டும் இருந்தாலும், ஐஸ் கட்டலாம். எங்களுக்கு வேண்டியது அந்த வரிதான்.

வானிலை அறிக்கையான மெட்டாரில் 27/24 என்று இரண்டு இலக்கங்கள் சேர்ந்து வரும். முதலாவது வெப்பநிலை, மற்றது பனிபடுநிலை, அதாவது காற்று குளிர்ந்து அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு குறைவோ அவ்வளவு ஈரம். 27/24 என்றால் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டி நிற்கிறது. இந்த இரண்டு இலக்கத்தையும், எந்த அளவுக்கு ஐஸ் கட்டும் என்று காட்டும் ஐஸிங் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் வலுவைக் குறைத்து இறங்கும்போது கடுமையாக ஐஸ் கட்டும் பகுதிக்குள் புள்ளி விழும். எங்கள் கரையோரத்தில் இது சாதாரணமான ஒரு காலை நேரத்து இலக்கம். மழை பெய்யவும் வேண்டாம், மேகம் மூடவும் வேண்டாம்.

ஊர்க் காலநிலையோடு சேர்த்துச் சொன்னால் மறக்காது. மாரி காலத்தில், நவம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை, நாள் முழுக்கக் கவனம். கச்சான் (தென்மேல் காற்று) அடிக்கும் மாதங்களில் மலைகளைத் தாண்டி வரும் காற்று சூடாகவும் வரண்டும் இருக்கும். பகலில் 34/21 போல இடைவெளி விரியும், ஈரப்பதன் பாதிக்குக் கீழே போகும். அந்த நேரத்தில் ஆபத்துக் குறைவு, இல்லாமல் போகவில்லை. அதே நாளில் பின்னேரம் கடற்காற்று உள்ளே வந்ததும் நிலைமை மாறிவிடும். வாவிக்கு மேல் விடியற்காலையில் புகார் நிற்கிறது என்றால் இலக்கம் பார்க்கவே தேவையில்லை. அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரம் போன்ற பெரிய குளங்களுக்கு அருகிலும், தண்ணீர் கட்டிய வயல்களுக்கு மேலும் தாழப் பறக்கும்போதும் அப்படித்தான்.

உங்கள் முழங்காற் பலகையில் அந்த வரைபடத்தின் ஒரு பிரதியை லெமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானிய சிவில் விமான அதிகார சபையின் பாதுகாப்புப் பிரசுரத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. லெமினேட் செய்ய எந்தப் போட்டோகொப்பிக் கடையும் போதும். இந்தப் பயிற்சியிலேயே மிகக் குறைந்த செலவு அதுதான்.

4. தரையில் செய்யும் சோதனை

ரன்-அப்பில் (புறப்பட முன் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனையில்), செஸ்னா 152 என்றால் 1700 ஆர்.பி.எம்.இல் (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி), காப் ஹீட்டை முழுவதும் வெளியே இழுங்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஆகவே ஆர்.பி.எம். இறங்க வேண்டும். இறங்கினால் கேபிள் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் கேபிள் அறுந்திருக்கலாம், சூடான காற்றை விடும் கதவு ஒழுங்காகத் திறக்காமல் இருக்கலாம். அப்படியே பறக்கப் போகாமல் திரும்புங்கள்.

பலர் ஆர்.பி.எம். மானியின் ஊசி விழுந்ததும் லிவரை உடனே உள்ளே தள்ளிவிடுகிறார்கள். குறைந்தது 15 விநாடி வைத்திருங்கள். விழுந்த ஊசி கொஞ்சங் கொஞ்சமாக ஏறத் தொடங்கினால், அல்லது லிவரைத் தள்ளிய பிறகு முன்பிருந்ததைவிடக் கூடுதலான இலக்கத்தில் போய் நின்றால், தரையில் நிற்கும்போதே உள்ளே ஐஸ் இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடுபாதை முனையில் நீண்ட நேரம் காத்து நிற்க வைத்தால் புறப்பட முன் மறுபடியும் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். புறப்படும்போது லிவர் உள்ளே இருக்க வேண்டும், முழு வலு வேண்டுமே.

இன்னொன்று. காப் ஹீட் வழியாக வரும் காற்று வடிகட்டியைத் தொடாமல் நேரே உள்ளே போகிறது. கடற்கரை மணல், கிரவல் தூசு எல்லாம் சிலிண்டருக்குள் போகும். டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டிப் போகும்போது) லிவரை இழுத்தபடி ஓட வேண்டாம்.

5. பறக்கும்போது எப்படித் தெரியும்?

எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியாது. இதழ்களின் சாய்வு மாறாத, நிலையான புரொப்பெல்லர் என்றால் ஆர்.பி.எம். மெதுவாக இறங்கும். சாய்வைத் தானே மாற்றிச் சுழலும் வேகம் மாறாமல் காக்கும் புரொப்பெல்லர் என்றால் ஆர்.பி.எம். அசையாது, மெனிபோல்ட் அமுக்கம் (சிலிண்டருக்குப் போகும் குழாயில் உள்ள அமுக்கம்) இறங்கும். இந்த வித்தியாசம் எழுத்துப் பரீட்சையில் வருவது நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் ஏமாறுகிறோம். 2300 இல் விட்ட ஊசி 2250 இல் நிற்கும். த்ரொட்டில் தானாகச் சறுக்கிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் உள்ளே தள்ளுவோம். இன்னும் சிறிது நேரத்தில் மறுபடியும் 50 குறையும், மறுபடியும் தள்ளுவோம். உயரம் மாறவில்லை, வேகமும் கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் த்ரொட்டில் மட்டும் முன்பிருந்த இடத்தைவிட எவ்வளவோ உள்ளே போயிருக்கும். ஒரே ஆர்.பி.எம்.ஐ வைத்திருக்க இரண்டாம் முறை த்ரொட்டிலைத் தள்ளுகிறீர்கள் என்றால், மூன்றாம் முறைக்குக் காத்திருக்காமல் காப் ஹீட்டை இழுங்கள்.

அறிகுறி இல்லாவிட்டாலும் 10 நிமிடத்துக்கு ஒரு தரம் சோதியுங்கள். ஆர்.பி.எம்.ஐக் குறித்துக்கொண்டு, லிவரை முழுவதும் இழுத்து 15 விநாடி வைத்து, உள்ளே தள்ளி, பழைய இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் ஐஸ் இருந்தது. இதைத் திசைகாட்டியும் எரிபொருளும் பார்க்கும் சோதனையோடு சேர்த்துவிட்டால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை.

6. லிவரை இழுத்ததும் நிலைமை மோசமாகும், கையை எடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

காப் ஹீட்டை இழுத்ததும் இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கும். சூடான காற்றால் வலு குறையும், 15 வீதம் வரை போகலாம். கலவையில் பெற்றோல் விகிதமும் கூடிவிடும். அதோடு, உருகிய ஐஸ் தண்ணீராக எஞ்சினுக்குள் போகும். ஆகவே முன்னர் சும்மா சோர்ந்துபோய் ஓடிய எஞ்சின் இப்போது இருமும், அடித்துப் போடும், பலகையில் உள்ள மானிகள் எல்லாம் நடுங்கும். லிவரை இழுத்ததால்தான் கெட்டுப்போனது என்று மனம் சொல்லும். கை தானாக லிவரைத் திரும்பத் தள்ளப் போகும். தள்ளினால், பாதி உருகிய ஐஸோடு மறுபடியும் உறையத் தொடங்கும், இரண்டாம் முறை இழுக்கும்போது அதை உருக்கப் போதிய சூடும் மிஞ்சியிராது.

சூடு எங்கிருந்து வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். புகைக்குழாயைச் சுற்றிய உறையிலிருந்து. எஞ்சின் ஓடினால்தான் புகைக்குழாய் சூடு. எஞ்சின் நின்றுவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் லிவர். அதனால்தான் சந்தேகம் வந்த உடனே இழுக்கச் சொல்கிறார்கள்.

செய்ய வேண்டியது: முழுவதும் இழுங்கள், பாதி வேண்டாம். காபரேட்டர் வெப்பமானி இல்லாத விமானத்தில் அரைகுறைச் சூடு சில வேளை நிலைமையைக் கெடுக்கும். உறைநிலைக்கு நன்றாகக் கீழே, ஒட்டாமல் போய்க்கொண்டிருந்த நுண் ஐஸ் துணிக்கைகளை அந்தச் சூடு ஈரமாக்கி ஒட்ட வைத்துவிடும். பிறகு விமானத்தை ஓட்டுங்கள், மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடியுங்கள், இறங்க ஓர் இடம் பார்த்து வையுங்கள். அரை நிமிடத்தில் சரியாகலாம், பல நிமிடமும் எடுக்கலாம். சத்தம் சீராகி ஆர்.பி.எம். ஏறத் தொடங்கும்வரை லிவரைத் தொடாதீர்கள். நீண்ட நேரம் வைத்திருக்க வேண்டி வந்தால் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கினால் ஓட்டம் சீராகும்.

இதை இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது, நல்ல உயரத்தில் ஒரு தரம் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். காசு கொடுத்துத்தானே படிக்கிறீர்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

7. இறங்கும்போது

த்ரொட்டிலைக் குறைக்கும் முன்னரே லிவரை இழுங்கள். குறைத்த பிறகு இழுத்தால் புகைக்குழாய் ஆறத் தொடங்கிவிடும். டவுன்விண்டில் (இறங்க முன் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் எதிர்த்திசையில் பறக்கும் பகுதியில்) இதைச் செய்வது செஸ்னா வழக்கம். நீண்ட இறக்கம் என்றால் 500 அடிக்கு ஒரு தரம் த்ரொட்டிலைச் சிறிது திறந்து எஞ்சினைச் சூடாக்குங்கள். வலு வருகிறதா என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

ஒரு விமானத்திலிருந்து மற்றதுக்கு மாறுகிறவர்கள் இங்கே மாட்டுவார்கள். பைப்பர் வொரியர் போன்றவற்றின் கையேடு, ஐஸ் இருக்கும் அறிகுறி இருந்தால் மட்டும் காப் ஹீட் போடச் சொல்கிறது. கோ-அரவுண்ட் செய்யும்போது (இறங்காமல் மறுபடியும் மேலேறும்போது) முழு வலு கிடைக்க வேண்டும் என்பது அதன் வாதம். செஸ்னாவில் பழகிய கை அங்கேயும் இழுக்கும். உங்கள் விமானத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம், நண்பர் சொன்னதோ நான் சொன்னதோ அல்ல. கோ-அரவுண்ட் செய்தால் த்ரொட்டிலும் காப் ஹீட்டும் ஒரே கைவீச்சில் உள்ளே போக வேண்டும்.

8. ஆவணம், செலவு, காலம்

பயிற்சிக்குப் பெரும்பாலும் இரத்மலானைப் பக்கம்தான் போக வேண்டி வரும். இரவு ரயிலில் போய் இறங்கிவிட்டு ஒரு கடிதம் குறைகிறது என்று திரும்பி வருவது பெரிய அலைச்சல். புறப்பட முன் இவற்றைச் சரிபார்த்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுங்கள். அதைவிட முக்கியம், பெயரின் எழுத்துக்கூட்டு. தேசிய அடையாள அட்டையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம், சாதாரண தரச் சான்றிதழில் இன்னொரு விதம் என்று எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இருக்கும். தகப்பனார் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதிலேயே குழப்பம். விண்ணப்பம் கொடுக்க முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், கொடுத்த பிறகு தீர்ப்பது இரட்டை வேலை.

வைத்தியப் பரிசோதனை முதலில், பயிற்சிப் பணம் பிறகு. தனியார் விமானி உரிமத்துக்கு இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் போதும். ஆனால் விமானி வேலைதான் கனவு என்றால் ஆரம்பத்திலேயே முதலாம் வகுப்புப் பரிசோதனைக்குப் போங்கள். நிறக்குருடு போன்ற ஒன்று இருந்தால், காணியை விற்றுக் கட்டிய பணம் போன பிறகு தெரிய வேண்டுமா? வயது எல்லை தனியார் உரிமத்துக்கு 17, வணிக உரிமத்துக்கு 18. சர்வதேச விதிப்படி தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நெறியில் 35. யதார்த்தத்தில் அதைவிடக் கூடவே போகும் என்று வைத்துக் காசைத் திட்டமிடுங்கள். விண்ணப்பக் கட்டணங்களைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் இணையதளத்தில் புறப்படும் கிழமையே பாருங்கள், பழைய பட்டியலை நம்ப வேண்டாம்.

பயிற்சிப் பாடசாலையிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. மணித்தியாலம் என்பது எஞ்சின் ஓடத் தொடங்கியதிலிருந்தா, பறக்கத் தொடங்கியதிலிருந்தா? பெற்றோல், இன்ஸ்ட்ரக்டர், தரையிறங்கும் கட்டணம் உள்ளேயா வெளியேயா? டொலர் ஏறினால் யார் தலையில்? ஐஸிங் சந்தேகத்தில் திரும்பி வந்த பறப்புக்கும் காசா? கடைசிக் கேள்வியை அவசியம் கேளுங்கள். காசு போகிறதே என்று தொடர்ந்து பறக்கும் மாணவரைவிட ஆபத்தானவர் இல்லை.

தொடங்கும் காலம்: எங்கள் பக்கம் மாரி கொட்டும் டிசம்பர், ஜனவரியில் மேற்குக் கரையில் வானம் பெரும்பாலும் தெளிவு. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே தென்மேல் பருவமழை. மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழை. ஆகவே டிசம்பர் கடைசியில் தொடங்குவது நல்லது, காலை நேரம் கேட்டு வாங்குங்கள். காலையில் காற்று அமைதி, ஆனால் ஈரப்பதன் உச்சத்தில் இருக்கும். லெமினேட் செய்த தாள் அப்போதுதான் உதவும்.

விமானக் கையேட்டின் பிரதி ஒன்றை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். 3ஆம் பகுதி அவசர நடவடிக்கை, 4ஆம் பகுதி வழமையான நடைமுறை, 7ஆம் பகுதி இயந்திர விளக்கம். இந்த மூன்றிலும் காப் ஹீட் வரும் இடங்களுக்குக் கோடு போடுங்கள். மிகப் பழைய செஸ்னாக்களின் கையேடு இந்த இலக்க ஒழுங்கில் இருக்காது, மெல்லிய புத்தகம், முழுவதையும் வாசித்துவிடலாம்.

9. இறங்கிய பிறகு எழுதி வையுங்கள்

எஞ்சின் தடுமாறி, நீங்கள் பத்திரமாக இறங்கி, மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. ஐஸ் உருகிப் போயிருக்கும். “எல்லாம் சரியாத்தானே இருக்கு தம்பி” என்பார். பிளக், மக்னீட்டோ என்று தேடத் தொடங்கினால் அந்த விமானம் நாட்கணக்கில் நிற்கும், உங்கள் முறையும் பின்தள்ளும். இறங்கியதும் எஞ்சினை நிறுத்தும் முன்னரே தாளில் குறியுங்கள்: நேரம், உயரம், வெளி வெப்பநிலை, அந்த நேரத்து மெட்டாரின் பனிபடுநிலை, ஆர்.பி.எம். எதிலிருந்து எதற்கு விழுந்தது, காப் ஹீட் இழுத்து எவ்வளவு நேரத்தில் திரும்பியது. அதைத் தொழில்நுட்பப் பதிவேட்டில் இன்ஸ்ட்ரக்டரோடு சேர்ந்து அப்படியே எழுதுங்கள். “எஞ்சின் சரியில்லை” என்று மட்டும் எழுதினால் மெக்கானிக்குக்கு அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. “1500 அடி, 27/24, த்ரொட்டில் தொடாமல் 2300 இலிருந்து 2100, ஹீட் போட்டு 40 விநாடியில் 2300” என்று இருந்தால், காப் ஹீட் கேபிளையும் கதவையும் புகைக்குழாய் உறையையும் முதலில் பார்ப்பார்.